பாறசாலை தாண்டி புன்னமடைக்கு: நேரு டிராஃபியில் வள்ளம் இறக்க நினைக்கும் புது அணிகளுக்கு

குமரி எல்லையோரத்தில் துழை (துடுப்பு) பிடித்துப் பழகிய பையன்களுக்குப் பஞ்சமில்லை. ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் நடக்கும் நேரு டிராஃபி வள்ளப் போட்டியை டிவியில் பார்த்துவிட்டு "நாமளும் ஒரு வள்ளம் இறக்கினா என்ன?" என்று ஆண்டுதோறும் யாராவது கிளம்புகிறார்கள். அதில் பலர் வள்ளத்தில் ஏறுவதற்கு முன்பே ஏதோ ஓர் அலுவலக மேசையில் நின்றுபோகிறார்கள். எங்கள் அணியில் பாதிப்பேர் கேரளப் பக்கத்துப் பாறசாலைக்காரர்கள், மீதிப்பேர் தமிழ்நாட்டுப் பக்கத்துக் களியக்காவிளை, குழித்துறை ஆட்கள். யாரிடம் கேட்டாலும் அரைகுறை விவரம்தான் கிடைத்தது. அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கீழே வரும் எண்கள் அண்மை ஆண்டுகளில் நடைமுறையில் இருந்தவை. நிபந்தனைகள் அவ்வப்போது மாறும். உங்கள் ஆண்டில் கையில் தரும் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் செல்லும்.

1. எந்த வள்ளம் என்று முதலில் முடிவெடுங்கள்

எல்லாருக்கும் சுண்டன், அதாவது நீண்ட பாம்பு வள்ளத்தின் மேல்தான் கண். ஆனால் சுண்டனில் துழைக்காரர் 75-க்குக் குறையக்கூடாது, 95-ஐத் தாண்டக்கூடாது. அத்தனை பேருக்கு முகாம் போட்டுச் சோறு போட வேண்டும். முன்னணி கிளப்புகள் ஒரு பருவத்துக்கு அரைக் கோடிக்கு மேல் இறைக்கின்றன என்று குட்டநாட்டில் (ஆலப்புழையைச் சுற்றிய காயல் பகுதி) சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். புது அணிக்கு அது வேண்டாம்.

வெப்பு, இருட்டுக்குத்தி என்ற சிறிய வள்ள வகைகள் இரண்டிலும் ஏ கிரேடு என்றால் 45 முதல் 60 பேர். பி கிரேடு என்றால் 25 முதல் 35 பேர். சுருளன் என்ற இன்னொரு சிறிய வள்ளத்துக்கும் 25 முதல் 35 தான். பெண்கள் அணிக்குத் தெக்கனோடி வள்ளம் இருக்கிறது. அதில் உதவிக்கு அதிகபட்சம் ஐந்து ஆண்கள் ஏறலாம். என் கருத்தில் எல்லையோரத்து அணிக்குச் சுருளனோ இருட்டுக்குத்தி பி கிரேடோ போதும். முப்பது பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. கல்யாணம், கடல் வேலை, வெளிநாட்டு விசா என்று கடைசி வாரத்தில் ஆள் கழன்றுகொண்டே இருப்பார்கள். ஆகவே கையில் 40 பெயர் இல்லாமல் 30 பேர் வள்ளத்துக்குப் பதிவு செய்யாதீர்கள்.

பத்துப் பன்னிரண்டு பேர்தான் தேறுவார்கள் என்றால் தனி அணி ஆசையை விட்டுவிட்டு, ஏதாவது சுண்டன் கிளப்பில் துழைக்காரராகச் சேரப் பாருங்கள். மணிப்பூரிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும்கூட ஆட்களை வரவழைக்கிறார்கள். நெய்யாற்றங்கரை தாண்டி இருக்கும் நம்மை வேண்டாம் என்றா சொல்வார்கள்? மே, ஜூன் மாதங்களிலேயே கிளப்புகள் ஆளெடுக்கத் தொடங்கிவிடும்.

இன்னொன்று. நேராகப் புன்னமடைக்குப் போகாமல், ஓண நாட்களில் வெள்ளாயணிக் காயலில் நடக்கும் அய்யங்காளி ஜலோத்சவ வள்ளப் போட்டியில் ஒருமுறை துழைந்து பாருங்கள். களியக்காவிளையிலிருந்து காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். கூட்டத்துக்கு நடுவே துழை போடும்போது யாருக்குக் கை நடுங்குகிறது, யார் தாளத்தை விடுகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

2. முகவரிக் கணக்கைப் போடுங்கள்

நம்மவர்கள் சறுக்கும் முதல் இடம் இது. சுண்டன் வள்ளத்தில் வெளிமாநிலத் துழைக்காரர் 25 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 85 பேர் ஏறினால் 21 பேர் வரை. 22-வது ஆள் ஏறினால் எதிரணி புகார் கொடுக்கும். இந்தக் கணக்கை வைத்து முன்பும் புகார்கள் கிளம்பியிருக்கின்றன, பரிசே தொங்கலில் நிற்கும் அளவுக்கு.

வெளிமாநிலம் என்பதற்கும் பேசும் மொழிக்கும் சம்பந்தமில்லை. பாலக்காட்டுத் தமிழரும், மூணாறு எஸ்டேட் தமிழரும், பாறசாலைத் தமிழரும் கேரளத்துக்காரர்கள்தான். வீட்டில் மலையாளம் மட்டுமே பேசும் களியக்காவிளைக்காரர் வெளிமாநிலத்துக்காரர். ஆதாரில் எந்த மாநிலம் இருக்கிறது என்று பாருங்கள், அவ்வளவுதான். எல்லையோரத்தில் ஒரு வீட்டில் அண்ணன் கேரள ஆதாரும் தம்பி தமிழ்நாட்டு ஆதாரும் வைத்திருப்பது சாதாரணம் என்பதால், பெயர்ப் பட்டியல் எழுதும்போதே ஆதார் நகலைக் கையில் வாங்கிப் பாருங்கள். "நான் கேரளாதான் அண்ணே" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் எழுதாதீர்கள்.

சிறிய வள்ளத்துக்கும் இந்த விகிதம் பொருந்துகிறதா என்பதை அந்த ஆண்டின் நிபந்தனைத் தாளில் பார்த்த பிறகே வள்ளத்துக்கு முன்பணம் கொடுங்கள். எப்படி இருந்தாலும் சரி, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கலந்த அணியாக, கேரளத்தில் இருக்கும் ஒரு கிளப்பின் பெயரில் இறங்குவது தலைவலியைக் குறைக்கும். போட்டிக்காக ஆதாரில் முகவரியை மாற்றும் வேலை மட்டும் வேண்டாம். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் என்று அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும்.

மற்ற நிபந்தனைகள் எளிது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், 55-ஐத் தாண்டக்கூடாது. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் ஒரு வள்ளத்தில்தான் துழைய முடியும். காலையில் சுருளன், மதியம் வெப்பு என்பதெல்லாம் நடக்காது. நீச்சல் விஷயத்தில் பையன்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். பயிற்சிக்கு வந்த முதல் நாளே ஜெர்சியோடு தண்ணீரில் இறக்கி, கொஞ்ச தூரம் நீந்திவரச் சொல்லுங்கள். இந்த வள்ளங்கள் கவிழ்வது அபூர்வமல்ல.

3. வள்ளம் பேசும்போது எழுதி வாங்குங்கள்

வள்ளம் பெரும்பாலும் ஒரு கரையாருக்கோ (ஊராருக்கோ), நாலைந்து பேர் சேர்ந்த உடைமைக் குழுவுக்கோ, தனி ஆளுக்கோ சொந்தம். துழைபவர்கள் வேறு, வள்ளக்காரர்கள் வேறு. வாடகை வள்ளத்தின் வயதையும் நிலையையும் பொறுத்தது; ஆண்டுக்கு ஆண்டு ஏறும். ஏப்ரல், மே மாதத்திலேயே பேசினால் நல்ல வள்ளம் கிடைக்கும். ஜூலையில் போனால் மிச்சம் கிடப்பதுதான்.

மழைக்காலம் தொடங்கும் முன், வள்ளம் கரையில் கிடக்கும்போது போய்ப் பாருங்கள். ஆஞ்சிலிப் பலகை, நம் ஊர் அயனிதான். பலகைச் சேர்க்கைகளில் விரலால் அழுத்திப் பாருங்கள், புதிய ஒட்டு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். மீன் எண்ணெய் பூசிப் பளபளவென்று நிறுத்தியிருந்தால் ஒட்டுகள் கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை தண்ணீரில் இறக்கி, ஆளேற்றி, அரைமணி நேரம் வைத்து, எவ்வளவு நீர் கசிகிறது என்று பார்த்த பிறகு பணத்தைப் பேசுங்கள்.

ஒப்பந்தம் முத்திரைத்தாளில் இருக்கட்டும். அதில் எழுத வேண்டியவை: வாடகை எத்தனை தவணை, போட்டி தள்ளிப்போனால் வாடகை கூடுமா, பயிற்சியில் பலகை உடைந்தால் யார் செலவு, போனஸும் (பங்கேற்கும் வள்ளத்துக்குப் போட்டி நடத்துபவர்கள் தரும் தொகை) பரிசுப் பணமும் வந்தால் வள்ளக்காரருக்கு எவ்வளவு, அணிக்கு எவ்வளவு, துழைகள் வள்ளத்தோடு சேர்த்தியா, தனியா. இதில் இரண்டாவதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஏன் முக்கியம் என்று தேதி பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

துழை பற்றி ஒரு வார்த்தை. கூந்தல் பனையில் செதுக்கிய துழைதான் வழக்கம். மரத்துழை, ஃபைபர் துழை பிடித்தார்கள் என்று புகார்கள் எழுந்ததுண்டு. இலேசாக இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள்.

4. காகிதங்கள்

பதிவு வழக்கமாக ஆலப்புழை மினி சிவில் ஸ்டேஷன் அனெக்ஸில் இருக்கும் நீர்ப்பாசனத் துறை செயற்பொறியாளர் அலுவலகத்தில் நடக்கும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான நேரு டிராஃபி போட் ரேஸ் சொசைட்டிதான் நடத்துகிறது. பதிவு எப்போது திறக்கும், எப்போது முடியும் என்பது மலையாளப் பத்திரிகைகளின் ஆலப்புழைப் பதிப்பில் வரும். திருவனந்தபுரம் பதிப்பில் தேடினால் கிடைக்காது. ஆலப்புழையில் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

கையோடு கொண்டு போக வேண்டியவை:

ஒவ்வொரு துழைக்காரருக்கும் ஆதார் நகல், வயதுச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் நாலைந்து. மாற்று ஆட்களுக்கும் சேர்த்தே எடுங்கள்.
கிளப்பின் பதிவுச் சான்றிதழ், வங்கிப் புத்தக நகல், பான். போனஸ் வங்கிக் கணக்கில்தான் வரும். கிளப் பெயரில் கணக்கு இல்லாமல் தனி ஆளின் கணக்கைக் கொடுத்தால் பிறகு அணிக்குள்ளேயே சண்டை வரும்.
வள்ளக்காரரின் சம்மதக் கடிதம், ஒப்பந்த நகல்.
கேப்டன், லீடிங் கேப்டன் யார் என்று அணி கூடி எழுதிய தீர்மானம்.

இதில் பொறி எங்கே என்றால் எழுத்துக்கூட்டலில். நம் ஆதாரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் இருக்கும். படிவத்தை மலையாளத்தில் நிரப்புவார்கள். "செல்வராஜ்" ஓரிடத்தில் "செல்வராசு" ஆகி, அடையாள அட்டையில் வேறொன்றாக வந்து நிற்கும். நன்றாக மலையாளம் எழுதத் தெரிந்த ஒருவர் மட்டும் எல்லாப் படிவத்தையும் ஒரே கையால் நிரப்பட்டும். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதை ஆதாரில் உள்ளபடியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் முடித்துத் திரும்பிவிடலாம் என்று போகாதீர்கள். ஏதாவது ஒரு தாள் குறையும். நாகர்கோவிலிலிருந்து குருவாயூர் எக்ஸ்பிரஸ் ஆலப்புழை வழியாகத்தான் போகிறது, ஆனால் அது ஆலப்புழையில் இறக்கிவிடும் நேரம் அலுவலக நேரத்துக்கு ஒத்துவராது. திருவனந்தபுரம் போய் அதிகாலை வண்டி பிடிப்பது மேல். வெள்ளிக்கிழமை போகவே போகாதீர்கள்.

5. கேப்டன்ஸ் கிளினிக்

பெயரைக் கேட்டு மருத்துவ முகாம் என்று நினைத்தவர்கள் உண்டு. கேப்டன்களையும் லீடிங் கேப்டன்களையும் உட்காரவைத்து விதிகளை விளக்கும் கூட்டம் அது. போகாத வள்ளத்துக்குப் போனஸில் பாதி வெட்டு என்று நிபந்தனையிலேயே போட்டிருக்கிறார்கள். பதிலுக்கு வேறு யாரையாவது அனுப்பிச் சமாளிக்க நினைக்காமல், பதிவில் பெயர் உள்ளவரே போகட்டும்.

எல்லாம் மலையாளத்தில், வேகமாக ஓடும். ஸ்டார்ட்டிங், டிராக், ஹீட்ஸ் (இறுதிக்கு முந்தைய தகுதிச் சுற்றுகள்) எல்லாம் அங்கேதான் சொல்லப்படும் என்பதால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். உங்கள் பிரிவில் எத்தனை வள்ளம் பதிவாகியிருக்கிறது, எத்தனை ஹீட்ஸ், இறுதிக்கு எப்படி எடுக்கிறார்கள் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள்.

6. பயிற்சி

சுண்டனுக்குக் குறைந்தது ஐந்து நாள், மற்ற வள்ளங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கட்டாயம். அது காகிதத்துக்கான குறைந்தபட்சம். வென்றாக வேண்டும் என்ற எண்ணம் இல்லாவிட்டாலும், வள்ளம் ஒரே கோட்டில் போவதற்கே அதைவிடப் பல மடங்கு நாள் வேண்டும். நாள்தோறும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள், தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கடலில் துழைந்தவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் அலைக்கேற்ப அவரவர் பாட்டுக்குத் துழை போட்டுப் பழகியிருப்போம். இங்கே அத்தனை துழையும் ஒரே நொடியில் தண்ணீரைத் தொட வேண்டும். நடுவில் நிற்கும் நிலைக்காரர் இடிக்கும் தாளத்துக்குத்தான் எல்லாம். பலசாலியான ஒருவன் அரை நொடி முந்தினாலும் வள்ளம் இழுபடும். அவனை மாற்று ஆளாக உட்காரவைக்கத் தயங்காதீர்கள். முதல் துழைக்காரராக அணியத்தில் (முன்முனையில்) உட்காருபவர் தாளம் மாறாதவராக இருந்தால் போதும், புஜபலம் இரண்டாவது. அமரத்தில் (பின்முனையில்) நின்று வள்ளத்தைத் திருப்புவதற்கு மட்டும், முடிந்தால், குட்டநாட்டுக்காரர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிவாருங்கள். அந்த வித்தை ஒரு பருவத்தில் கைவராது.

குழித்துறை ஆற்றிலோ பூவாறிலோ பயிற்சி எடுத்தால் ஒழுக்கோடு (நீரோட்டத்தோடு) போய் எடுத்த நேரத்தை நம்பாதீர்கள். புன்னமடை டிராக் சுமார் 1,150 மீட்டர், கிடைநீர். அதே தூரத்தைக் குறித்துக்கொண்டு, ஒழுக்கோடு ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை துழைந்து இரண்டுக்கும் சராசரி பாருங்கள். கடைசிச் சில நாட்களாவது புன்னமடையிலேயே துழைய வேண்டும். விடிகாலையில் இறங்குங்கள், ஹவுஸ்போட்டுகள் கிளம்பிவிட்டால் அவை கிளப்பும் அலையில் எதுவும் செய்ய முடியாது.

முகாமில் இருக்கும்போது எலிக்காய்ச்சலை மறக்காதீர்கள். மழைக்காலத்துக் குட்டநாட்டுத் தண்ணீர், கையிலும் காலிலும் துழை உரசிய புண் என்றால் சொல்லவே வேண்டாம். டாக்சிசைக்ளின் தடுப்பு மாத்திரையை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிறார்கள்; வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. ஒவ்வாமை இருக்கிறவர்களும் வேறு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். முகாமுக்கு வரும் முன்பே அத்தனை பேரையும் வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரைதான் ஓர் ஆண்டு என்பதால், மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாதவர்களுக்குக் காப்பீடு அறுந்துபோயிருக்கும். தனியார் குழுக் காப்பீடு எடுத்தால் சாகச விளையாட்டு விலக்கு என்ற வரி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

7. பணம் எங்கே போகும்

வாடகையைவிடச் சாப்பாடுதான் விழுங்கும். துழைக்காரன் தின்கிற அளவு வீட்டுக் கணக்குக்கு அடங்காது. காலையில் முட்டையும் ஏத்தன்பழமும், பயிற்சி முடிந்து கஞ்சியும் பயறும், மதியம் மீன்கறியோடு சோறு, மாலை மறுபடி. மெஸ் பேசும்போது "ஆளுக்கு இவ்வளவு" என்று பேசுங்கள், மொத்தமாகப் பேசாதீர்கள். மொத்தமாகப் பேசினால் மூன்றாம் நாளிலிருந்து மீன் துண்டு சிறுத்துக்கொண்டே வரும். முடிந்தால் ஊரிலிருந்து ஒரு சமையல்காரரைக் கூட்டிப்போய், அரிசியும் தேங்காயும் இங்கிருந்தே ஏற்றுங்கள்.

கூலிக்காரர்களின் ஒரு நாள் வருமானம் போவதையும் செலவாக எழுதுங்கள். கடலுக்குப் போகிறவரைப் பத்து நாள் முகாமில் வைத்தால் அவர் வீட்டு அடுப்புக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். இதை முதலிலேயே பேசாத அணிகள் கடைசி வாரத்தில் உடைகின்றன. இதற்கெல்லாம் போனஸை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அது போட்டி முடிந்து எப்போது கைக்கு வரும் என்று நாள் குறிக்க முடியாது.

8. தேதியை நம்பி ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள்

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை என்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஆனால் 2018-இல் வெள்ளத்தால் நவம்பர் 10-க்குப் போனது. 2019-இல் ஆகஸ்ட் 31. 2020, 2021 இரண்டிலும் நடக்கவே இல்லை. 2024-இல் வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு செப்டம்பர் 28-இல் நடந்தது. 2025-இல் ஆகஸ்ட் 30. முகாம் போட்டு ஆளெல்லாம் வந்த பிறகு தள்ளிப்போனால் அணியைக் கலைத்து மறுபடி கூட்டுவதற்குள் பாதிப்பேர் கையில் இருக்க மாட்டார்கள். கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கை இரண்டாவது முகாமுக்கென்று தொடாமல் வையுங்கள். வள்ள வாடகை ஒப்பந்தத்தில் அந்த வரி வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான்.

9. போட்டி நாளும் ஹீட்ஸும்

அடையாள அட்டை, ஜெர்சி இரண்டும் இல்லாதவர் ஏற முடியாது. முந்தின இரவே இரண்டையும் ஒருவர் வாங்கி வைத்து, வள்ளக்கரையில் வைத்துப் பங்கிடட்டும். குடித்துவிட்டு ஏறினால் தகுதிநீக்கம். அன்று ஆலப்புழைச் சாலைகள் அடைபட்டுவிடும் என்பதால் காலை எட்டுக்குள் அணி மொத்தமும் காயலோரம் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டிங் இடத்துக்கு அழைத்த நேரத்தில் போய் நில்லுங்கள். டிராக்கை விட்டு அடுத்தவர் வழியில் ஏறினால் முடிந்தது கதை.

இறுதிக்குத் தகுதி பெறும் விதத்தைப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுண்டனில் ஹீட்ஸில் முதலாவதாக வந்தால் போதாது. எல்லா ஹீட்ஸிலும் சேர்த்துச் சிறந்த நேரம் எடுத்த நான்கு வள்ளங்கள்தான் இறுதிக்குப் போகும். உங்கள் ஹீட்ஸில் மற்ற மூன்றும் பின்தங்கிவிட்டன என்று கடைசி நூறு மீட்டரில் கையைத் தளர்த்தினால், அடுத்த ஹீட்ஸில் இரண்டாவதாக வந்த வள்ளம் உங்களைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விடும். 2024-இல் காரிச்சால் சுண்டன் ஹீட்ஸில் 4 நிமிடம் 14 விநாடியில் வந்தது, இறுதியில் 4 நிமிடம் 29.785 விநாடியில் வந்தது. இரண்டாவதாக வந்த வீயபுரம் சுண்டன் 4:29.790. வித்தியாசம் ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு. ஹீட்ஸில் எல்லாத் தெம்பையும் கொட்டியாக வேண்டும், பிறகு இறுதிக்கும் மிச்சம் வேண்டும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் நிழல், உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், பழம். வெயிலில் நின்று மற்ற ஹீட்ஸைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும் பையன்களைப் பிடித்து உட்காரவையுங்கள்.

சிறிய பிரிவுகளில் பதிவான வள்ளங்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஹீட்ஸ் அமைப்பார்கள். வள்ளம் குறைந்த பிரிவில் ஹீட்ஸே இல்லாமல் நேரே இறுதி வரும். அப்படியென்றால் பயிற்சியை ஒரே ஓட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் எடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

புகார் கொடுக்க வேண்டியிருந்தால் கரைக்கு வந்து சண்டை போடாமல், கேப்டன் கையெழுத்தோடு எழுதி அன்றைக்கே கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வள்ளத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வள்ளக்காரரோடு சேர்ந்து ஒருமுறை சுற்றிப் பார்த்து, "சேதமில்லை" என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிய பிறகு வண்டி ஏறுங்கள். துழைகளையும் எண்ணிக் கொடுங்கள்.